ஒரு கரண்டி ரம்

அத்தியாயம் ஆறு

"எதையும் தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் வத்தல் தொட்டிருக்கவே மாட்டான். "பின்னாடி அறையைச் சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வா" என்றுதான் வக்கீலம்மா சொன்னார். பார்க்கப் போகிறவன் மூக்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டா போக முடியும்?

அது ஒரு போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறை. பிலிம் கழுவிய காலத்தில் கட்டியது, ஜன்னல் கிடையாது. ஸ்விட்சைத் தட்டினால் கூரையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் சோம்பலாகக் கண் விழித்தது. அந்த வெளிச்சத்தில் சுவர், மேஜை, சிங்க், தன் கை எல்லாமே ஒரே நிறமாகத் தெரிந்தன. ஒரு பக்கம் அலமாரி நிறைய ரசாயனப் புட்டிகள். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் நீளமான நூலில் கட்டிய சின்னத் துணி மூட்டை ஒன்று தொங்கியது.

"எலிக்கு ஊஞ்சல் கட்டி விட்டிருக்காங்க போல" என்று அதைச் சுண்டிவிட்டு நகர்ந்தான் வத்தல். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர். வாய் மட்டும் ஒல்லி இல்லை.

மேஜை நடுவில் அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி. முக்கால் அளவுக்கு ஏதோ ஒரு திரவம். உள்ளே பட்டை மிதந்தது. சுருள் சுருளாக ஆரஞ்சுத் தோல், கறுத்துச் சுருங்கிய வெனிலாக் காய். மூடியைத் திறந்தான். மழைக்கு பேக்கரி வாசலில் ஒதுங்கினால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை வந்து ஆளைக் கட்டிப்பிடித்தது.

ரம்! மசாலா போட்டு, வாரக்கணக்கில் வீட்டிலேயே ஊற வைத்த ரம். பக்கத்தில் ஒரு கரண்டி வேறு. துப்பறிகிறவன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பதுதானே முறை என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு ஒரு கரண்டி குடித்தான். இனிப்பும் காரமுமாகத் தொண்டையில் இறங்கியது. மனசாட்சி மறுபேச்சு பேசாததால் இன்னொரு கரண்டி.

அப்போதுதான் கதவுக்கு வெளியே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம், முன்னறையிலிருந்து அந்த வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"வருஷத்துக்கு ஒரு ஜாடிதான் போடுவார் மேடம். ஊறி முடிச்சதும் முதல் வாய் அவர்தான் குடிக்கணும், அப்புறம்தான் பாட்டில்ல ஊத்துவார். முந்தாநாளும் அப்படித்தான் ஒரு கரண்டி குடிச்சார். கரண்டியைக் கீழ வெக்கறதுக்குள்ள நெஞ்சைப் புடிச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரல. டாக்டர் ஹார்ட் அட்டாக்ங்கறார். நான் நம்பல. அந்த ஜாடியிலதான் என்னமோ இருந்திருக்கு."

கரண்டி வத்தலின் கையிலிருந்து விழுந்து சிங்க் வரைக்கும் உருண்டது.

ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாக்கை உதட்டில் தடவிப் பார்த்தான். உதடு தட்டுப்படவில்லை. நாக்கின் நுனி மரத்துப் போயிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்று சொல்ல முடியாது, ஆனால் அவனுக்குத் தெரிந்தே அந்த மரப்பு நுனியிலிருந்து உள்ளே உள்ளே நகர்ந்தது.

திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு முன்னறையில் வந்து விழுந்தான்.

முன்னறையில் நான்கு பேர். கோர்ட்டை விட்டுவிட்டு, வத்தலை உதவிக்கு வைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பிய வக்கீலம்மா, படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் உயர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பூந்தோட்டம் வரைந்த திரைச்சீலை. எதிரே இறந்துபோன ஸ்டூடியோக்காரரின் மனைவி, அழுது ஓய்ந்த முகத்தோடு. சுவரோரம் ஸ்டூடியோக்காரரின் தம்பி, வெளியூர்க்காரர், துக்கத்துக்கும் இஸ்திரி போட்ட சட்டை. வாசல் பக்கம் அடுத்த தெரு பேக்கரிக்காரர், கதவகலம் ஆள். பட்டை, கிராம்பு, வெனிலா எல்லாம் வருஷா வருஷம் அவர் கடையிலிருந்துதான் ஜாடிக்கு வரும்.

"மேதம்..." என்றான் வத்தல். "நான்... குதிச்சுத்தேன்."

"எங்கேருந்து குதிச்சே?" என்றார் வக்கீலம்மா.

"குதிச்சுத்தேன் மேதம்! தாதி! தம்மு!" ஜாடியைப் போல இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டி, கரண்டியால் குடிப்பது போல அபிநயம் பிடித்தான். "நாக்கு மதத்துப் போச்சு!"

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. வீட்டம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். வத்தலுக்கு இருமல் வந்து, தெறித்த எச்சில் பேக்கரிக்காரரின் புறங்கையில் பட்டது. "ஐயையோ, என் மேல பட்டுடுச்சே!" என்று அந்த மலை போன்ற மனிதர் குழாயைத் தேடி ஓடினார். தம்பிதான் தாவி வந்து வத்தலைத் தாங்கிப் பிடித்தார். தன் கைக்குட்டையால் அவன் வாயை, மோவாயை, கழுத்தைத் துடைத்துவிட்டார்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல" என்று சொல்லி, அதே கைக்குட்டையால் தன் நெற்றி வியர்வையையும் வாயையும் துடைத்துக்கொண்டார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று வத்தலுக்குக் கண் கலங்கியது.

வக்கீலம்மா ஸ்டூலிலிருந்து இறங்கியிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "எவ்வளவு குடிச்சே?"

இரண்டு விரலைக் காட்டினான்.

"அறிவிருக்கா உனக்கு? துக்க வீட்டில வந்து, அடுத்தவங்க ஜாடியில, கேக்காம கொள்ளாம..." வக்கீலம்மா ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். கோர்ட்டில் அவர் வாதாடிய நாட்களில் நீதிபதிக்கே இரண்டு முறை தண்ணீர் வைப்பார்களாம். ஆனால் இன்றைக்குப் பாதியில் நிறுத்தினார். "ஆம்புலன்சுக்கு போன் பண்ணுங்கம்மா" என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, திரையை விலக்கி இருட்டறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வத்தலைத் தரையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வீட்டம்மா போனில் யாரிடமோ விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே குழாயடியில் பேக்கரிக்காரர் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

வத்தலுக்கு இப்போது கன்னத்தின் உள்பக்கமும் இல்லை. ஈறும் இல்லை. அடுத்தது தொண்டை, அப்புறம் நெஞ்சு என்று கணக்குப் போட்டது மனசு. கரண்டியைக் கீழே வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் என்றார்களே, தனக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? ஒல்லி உடம்பில் விஷத்துக்கே வழி தெரியவில்லையோ? இந்த நிலையிலும் நக்கல் வருகிறதே என்று தன் மேலேயே கோபம் வந்தது. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன், பாப்பாவைப் பார்க்குக்குக் கூட்டிப்போகலாம் என்று காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் நம்பாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் அடக்க முடியாமல் அழுதான். அவனுக்குச் சாக இஷ்டமில்லை. அவ்வளவு பயமாக இருந்தது.

மேடமாவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் என்ன? அந்தம்மாவுக்கு இப்போதும் ஜாடிதான் முக்கியமாகப் போய்விட்டது.

"அண்ணி, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் தம்பி மெதுவாக. "அண்ணனுக்கு ஹார்ட்டுதான். இந்தப் பையனுக்குப் பயத்துல நாக்கு குழறுது. நாளைக்கு உடம்பைக் குடுத்துடுவாங்க, நல்லபடியா காரியத்தை முடிப்போம். அப்புறம் இந்தக் கட்டடத்தை என்ன பண்றதுன்னு பேசலாம்."

"அவர் போய் முழுசா ரெண்டு நாள் ஆகல, கட்டடத்தைப் பத்தி என்ன பேச்சு தம்பி?" என்றார் வீட்டம்மா. "விஷம்னு நான் வாயைத் திறந்தா முதல்ல என்னைத்தான் புடிப்பாங்க. அந்த ரசாயனமெல்லாம் கலந்து வெக்கிறவளே நான்தான். அது தெரிஞ்சும்தான் இவங்களைக் கூப்பிட்டிருக்கேன்."

இருட்டறைக் கதவு திறந்தது.

வக்கீலம்மா ஜாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரிண்ட் கழுவும் வெள்ளைத் தட்டு ஒன்றும், நீளமான இடுக்கி ஒன்றும் கையில். எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தார். நேரே போய் வாசல் கதவுக்குத் தாழ் போட்டார். படம் எடுக்கும் பெரிய விளக்குகளைப் போட்டார். பூந்தோட்டத் திரை பளிச்சென்று எரிந்தது.

வத்தலின் பக்கம் திரும்பி, அவன் கண்ணை உற்றுப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று வத்தலுக்குத் தோன்றியது. சாகப் போகிறவனிடம் என்ன கோபம்?

வக்கீலம்மா தம்பியின் உடுப்பில் அழுக்குத் தேடுகிறவர் போல அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுக்கியை ஜாடிக்குள் விட்டு, அடியில் துழாவி, எதையோ கவ்வி மேலே தூக்கினார். சொட்டச் சொட்ட ஒரு சின்னத் துணி மூட்டை. தட்டில் வைத்தார். தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே அளவு மூட்டை, காய்ந்து முறுகி, நீளமான நூலோடு. வத்தல் சுண்டிவிட்ட எலி ஊஞ்சல்.

"கிராம்பு" என்றார் வக்கீலம்மா. தம்பியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்தது போல நிதானமாகக் கேட்டார்: "எப்போ... வெளிய எடுப்பாங்க?"

"இது என்ன கேள்வி? ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு இங்க!"

"எப்போ?"

"எடுக்கறதாவது. எல்லாம் ஒண்ணாத்தானே ஊறும். மசாலா போடற அன்னிக்கு நானும் இருந்தேனே. ஆளுக்கு ஒண்ணா போடச் சொல்வார் அண்ணன். நான் பட்டை போட்டேன், பேக்கரிக்காரர் வெனிலா, அண்ணி ஆரஞ்சுத் தோல். கிராம்பை மூட்டை கட்டி அண்ணனே போட்டார். மூடியை மூடினா அப்புறம் கடைசியிலதான் திறப்பார்."

வக்கீலம்மா வீட்டம்மாவின் பக்கம் கையைக் காட்டினார்.

வீட்டம்மாவின் பார்வை தட்டை விட்டு நகரவில்லை. "இல்லையே" என்றார். "மறுநாள் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே நூலைப் புடிச்சு இழுத்து வெளிய எடுத்துடுவார். ஆணியில மாட்டிடுவார். இந்த வருஷமும் எடுத்தார், நான்தான் ஜாடியைப் புடிச்சுக்கிட்டேன். கிராம்பு ஒரு ராத்திரிக்கு மேல உள்ள கிடந்தா மத்த எதையும் தலையெடுக்க விடாதும்பார்." கையை நீட்டி ஈர மூட்டையைத் தொடப் போய், தொடாமல் இழுத்துக்கொண்டார். "இது யாரோடது? அவர் லென்ஸ் துடைக்கிற துணியிலதான் கட்டுவார். இது வேற துணி."

"அதானே!" என்றார் ஈரக் கையோடு வந்து நின்ற பேக்கரிக்காரர். "கேக்குல ஒரு கிராம்பு கூடினாலே வாடிக்கைக்காரன் திரும்பி வர மாட்டான். இம்புட்டுக் கிராம்பை வாரக்கணக்கா ரம்முல ஊறப்போட்டா என்னத்துக்கு ஆகும்? வாயில வெச்சா நாக்கு கன்னமெல்லாம் மரத்துப் போயிடும். பல்லு வலிக்கு வெச்சுக்கலாம்."

வத்தல் அழுகையை நிறுத்தினான்.

"மதத்துப் போகுமா?" என்றான். "சும்மாவே? விஷமில்லாம?"

"கிராம்புன்னா மரக்கத்தான் செய்யும்."

போன உயிர் எங்கோ தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மறந்ததை எடுக்க வந்தது போலத் திரும்பி உள்ளே நுழைந்தது. வத்தல் எழுந்து நின்றான். கால் இருந்தது. நெஞ்சும் இருந்த இடத்திலேயே இருந்தது. வக்கீலம்மா அவனைப் பார்த்து, தட்டைக் காட்டி, நீயே சொல் என்பது போலத் தலையசைத்தார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் அவர்தான் முக்கால் மணி நேரம் பேசுவார். வத்தலுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் உயிர் திரும்பிய சந்தோஷத்தில் நாக்குக் குழறலைக்கூட மறந்து பேச ஆரம்பித்தான்.

"ஒரு ஜாதிக்கு... ஜாடிக்கு ஒரு மூட்டை. அது அன்னிக்கே வெளிய வந்து ஆணியில தொங்குது. அப்போ ஜாடிக்குள்ள எப்படி இன்னொண்ணு? ஜாடியே வேற! ஸ்டூடியோக்காரர் போட்டது இது இல்ல. மசாலா போட்ட அன்னிக்கு மட்டும் வந்து பாத்துட்டு, ஊருக்குப் போய் அதே மாதிரி ஒரு ஜாடி வாங்கி, அதே மாதிரி பட்டை, வெனிலா எல்லாம் போட்டு ஒருத்தர் ஊற வெச்சிருக்கார். மறுநாள் காலையில நடந்தது அவருக்குத் தெரியாது. நிஜ ஜாடியில விஷத்தைக் கலந்தாச்சு. வீட்டுக்காரர் முதல் வாய் குடிச்சு விழுந்தாச்சு. ஜாடி காணாம போனா சந்தேகம் வரும், அதனால நல்ல ஜாடி அந்த இடத்துக்கு வந்துடுச்சு. யாராவது சோதிச்சா வெறும் ரம்மு. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு யார் யார் போனீங்கம்மா?"

"நானும் பேக்கரிக்காரரும் தூக்கிட்டு ஓடினோம்" என்றார் வீட்டம்மா. அடுத்ததைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. "தம்பி வீட்டைப் பாத்துக்கறேன்னு சொல்லி இங்கேயே இருந்துட்டாரு."

"அண்ணி! யாரோ ஒரு கோமாளி பேச்சைக் கேட்டு..."

வக்கீலம்மா எட்டி, தம்பியின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த கைக்குட்டையை இரண்டு விரலால் உருவி உயரத் தூக்கிக் காட்டினார். வத்தலுக்குச் சட்டென்று உறைத்தது. தன் கண்ணைக் கலங்க வைத்த கைக்குட்டை.

"அட ஆமா" என்றான் மெதுவாக. இப்போது வேறு விதமான பயம் முதுகில் ஏறியது. இந்த மனிதரின் தோளிலா சாய்ந்து அழுதோம்? "நான் விஷம் குடிச்சேன்னதும் இவங்க சுவத்துல ஒட்டிக்கிட்டாங்க. அவர் ஒரு சொட்டு எச்சிலுக்கு ஒரு சோப்பையே கரைச்சுட்டார். நீங்க மட்டும் என் வாயைத் துடைச்ச துணியாலேயே உங்க வாயைத் துடைச்சீங்க. ஜாடியில விஷம் இல்லைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். இந்த வீட்டில பயப்படாத ஒரே ஆளும் நீங்கதான்."

"பதட்டத்துல துடைச்சிருப்பேன். இதெல்லாம் சாட்சியா?"

"இது போதாதுன்னா இருட்டறை சிங்க்குக்குக் கீழ வளைஞ்ச குழாய் இருக்குல்ல? பழைய ரம்மை அங்கதானே கவுத்திருப்பீங்க? அந்த வளைவுல மிச்சம் நிக்கும். அண்ணன் உடம்பும் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு."

தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டே மேஜை மேல் பாய்ந்தார். அவர் குறி ஆளல்ல, ஜாடி. அது உடைந்தால் இரண்டாவது ஜாடி என்ற கதையே உடைந்துவிடும். வத்தல் யோசிக்கவில்லை. இதுவரை எந்த ஜாடியால் சாகிறோம் என்று நடுங்கினானோ, அதே ஜாடியைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டான். ரம் அவன் தலையில் கொட்டியது. முதுகில் ஓர் உதை விழுந்தது, இன்னொன்று விழுந்தது. மூன்றாவது விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது பேக்கரிக்காரர் தம்பியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நம்மாளைக் கொன்னுட்டு என் வெனிலா மேல பழி விழட்டும்னு பாத்தியா?" என்று அவர் கேட்டார்.

வீட்டம்மா அழவில்லை. காய்ந்த மூட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "பட்டையை நீயே போடுன்னு அவர்தான் உங்க கையில குடுத்தார்" என்றார் தம்பியைப் பார்த்து.

போலீசும் ஆம்புலன்சும் ஒன்றாகவே வந்தன. கைகளைப் பின்னால் கட்டி ஒருவரை அழைத்துப்போனார்கள். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர், "விஷம் குடிச்சது யாரு?" என்றார்.

"யாருமில்லீங்க. தலைக்குக் குளிச்சது மட்டும் நான்" என்றான் வத்தல், முடியிலிருந்து ஆரஞ்சுத் தோலை எடுத்தபடி. நாக்கில் லேசாக உயிர் வந்திருந்தது. வாசலில் கார் பக்கத்தில் நின்ற வக்கீலம்மாவிடம் போனான். மனசில் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இருந்தாலும் மேடம், நான் அங்க செத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல உக்காந்து ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? நேரா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டீங்க. கிராம்புதான்னு தெரிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அவன் முகத்தைப் பாக்கணும்னு சொல்லல" என்று சொல்ல வந்தார் வக்கீலம்மா. வந்தது அதுவல்ல. "அவன் மொகத்தைப் பாக்கதும்னு தொல்லல. தீக்கிதம் வந்தியில ஏது."

அந்தக் குழறல் வத்தலுக்கு நன்றாகத் தெரிந்த குழறல்.

இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்ட அந்த நேரத்தில் மேடத்துக்கு ஆணியில் தொங்கிய மூட்டை தெரியாது. ஜாடி அடியில் கிடந்த மூட்டையும் தெரியாது. முதல் வாய் குடித்தவர் செத்துப்போன ஜாடி என்பது மட்டும்தான் தெரியும்.

"மேடம்... நீங்களும் குடிச்சீங்களா?"

அவர் கைப்பையில் கார் சாவியைத் தேடினார்.

"ஏன் மேடம்? விஷமா இருந்திருந்தா?"

"உனக்கு என்ன ஆகப் போதுன்னு எனக்குத் தெதிய வேணாமா?" என்றார் வக்கீலம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வத்தலுக்கு வழக்கம்போல ஒரு நக்கல் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். ஒன்றும் வரவில்லை. சாவியை வாங்கக் கையை நீட்டினான். அவர் அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.